முழங்காலுக்குக் கீழே

சுருளியின் இடது காலில் செருப்பு தங்காமல் போனது புரட்டாசி இரண்டாம் வாரத்தில். ஏலக்காய் ஸ்டோருக்குப் போகும் வழியில் மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை சாக்கடைக்குள் விழுந்தது.

"காலத் தூக்கி வச்சு நடடி. தேச்சுக்கிட்டே வார" என்றாள் ராமுத்தாய்.

"தூக்குறேன்மா. அது வரமாட்டேங்குது."

"எது வரமாட்டேங்குது?"

"பாதம்."

ராமுத்தாய் குச்சியால் செருப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு ஸ்டோர் கதவைச் சாத்திவிடுவார்கள். பின்னால் வெறுங்காலின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கால் சத்தமில்லாமல் வந்தது. இன்னொன்று தப்பு, தப்பு என்று விழுந்தது.

போடியில் அந்த மாதங்களில் மலையிலிருந்து காய் இறங்கும். ஜீப்புகளில் ஏலக்காய் மூட்டைகள் வரும். தார்ப்பாயில் சாரல் ஈரம் இருக்கும். ஸ்டோரில் காயைக் கொட்டி, பச்சைக் காய், பழுத்த காய், வெடித்த காய் என்று பிரிக்க வேண்டும். நீளமான சிமெண்டுத் தரையில் பெண்களும் சிறு பிள்ளைகளும் மூங்கில் சுளகோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சம்மணம் போட்டால் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பேர்தான் கொள்ளும். குத்தவைத்தால் இருபது பேர். அதனால் எல்லோரும் குத்தவைத்துத்தான் உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம்.

சுருளிக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். விரல் வேகம். அவள் சுளகில் கழிசல் தங்காது என்று கங்காணி ஞானபாக்கியமே சொல்லியிருக்கிறாள்.

அப்படிச் சொன்னவள்தான் ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வாசலில் வைத்து சுருளியின் பாவாடையைத் தடவிப் பார்த்தாள். ஞானபாக்கியம் நாற்பது பேரையும் தடவித்தான் வெளியே அனுப்புவாள். சுருளியின் பாவாடை டக்கில் கை நின்றது. வளர வளர இறக்கிவிடலாம் என்று கீழ்ப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்த டக்கு. அதற்குள்ளிருந்து நாலு காய் எடுத்தாள்.

"இது என்ன ஆத்தா?"

"தெரியல அக்கா. நான் எடுக்கல."

"நீ எடுக்கல. அதுவா நடந்து வந்து உள்ள போயிக்கிருச்சாக்கும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் அங்கேயே மகளை அறைந்தாள். ஞானபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, முதலாளிட்ட சொல்லிராதீக. நாளையிலருந்து நானே கட்டி உக்கார வைக்கேன்."

மறுநாள் முதல் கட்டினாள். சுருளி குத்தவைத்ததும், பாவாடையை இரண்டு கால்களையும் சேர்த்து இறுகச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே சாக்குச் சணலால் ஒரு சுற்று சுற்றி, இடது பக்கம் முடிச்சுப் போட்டாள். ஒரு காயும் உள்ளே போகாது. ஞானபாக்கியம் வந்து சணலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. "ம்" என்று நகர்ந்தாள். மத்தியானம் சாப்பிட அவிழ்ப்பது. சாப்பிட்டதும் கட்டுவது. கால் மரத்துப்போகிறது என்று சுருளி இரண்டொரு தடவை சொன்னாள். எல்லோருக்கும்தான் மரத்துப்போகிறது.

செருப்பு விழுந்து நாலாம் நாள், கடைவீதியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவர் பார்த்தார்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"ஆவணியில ரெண்டு நாளு சளிக்காய்ச்சல் அடிச்சுச்சு அய்யா."

"அப்ப இளம்பிள்ளை வாதந்தான். கொஞ்சம் வயசு தப்பி வந்திருக்கு."

இடுப்பில் ஒரு ஊசி போட்டார். சத்து மாத்திரை எழுதினார். நடக்கவிடக் கூடாது, உட்காரவே வைக்க வேண்டும் என்றார்.

உட்கார வைத்தாள். மறுநாளிலிருந்து சுருளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். பதினொரு வயதுப் பெண்ணின் கால்கள் அவள் முழங்கால் வரை தொங்கின. "உக்காந்துதான இருக்கப்போறா" என்று ஞானபாக்கியத்திடம் சொன்னாள். ஞானபாக்கியமும் பரிதாபப்பட்டு, எழுந்திருக்கத் தேவையில்லாதபடி சுளகை மாற்றிக் கொடுக்க ஒரு ஆளை வைத்தாள். "கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாள். சணலை அவிழ்க்கச் சொல்லவில்லை. ராமுத்தாயும் கேட்கவில்லை. எழுந்திருக்காததால் இப்போது மத்தியானமும் அவிழ்ப்பதில்லை. கட்டியபடியே சாப்பிட்டாள்.

மூன்று வாரத்தில் பாதம் முழுக்கத் தொங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் தினமும் வந்து பார்த்தாள்.

"வாதம்னா வாதந்தான் ராமுத்தாயி. எங்க கொழுந்தன் மகனுக்கு இப்பிடித்தான். இந்நேரம் இவளுக்கும் சின்னமனூர்ல எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தா நின்னுருக்கும்."

"அவன் இப்ப நடக்கானா?"

"எங்கன நடக்குறான். ஆனா கட்டு நல்லா இருந்துச்சு."

"போங்க மதினி."

"ஊசி ஒண்ணுதான் போட்டாகளா? ஒண்ணு எப்பிடிப் பத்தும்?"

தீபாவளிக்குச் சுருளியின் அப்பா தங்கபாண்டி மலையிலிருந்து இறங்கினான். அவன் வேலை பார்த்த ஏலத்தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம். மாதம் ஒரு தடவைதான் வருவான். வீட்டு வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான்.

"ஏத்தா சுருளி, அப்பனப் பாத்து எந்திரிக்காம இருக்க?"

சுருளி எழுந்தாள். நாலடி வைத்தாள். முழங்காலை மேலே தூக்கித் தூக்கி, கொக்கு தண்ணீரில் நடப்பதுபோல நடந்தாள். தப்பு, தப்பு. தங்கபாண்டி பட்டாசுப் பையைக் கீழே வைத்தான்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம்" என்றாள் ராமுத்தாய். "லெட்டர் போட்டா நீங்க வந்துருவீகளா?"

தீபாவளிக்கு மறுநாள் தேனிக்குப் போனார்கள். பஸ்ஸில் கூட்டம். வழியெல்லாம் மழை. டாக்டர் ஆதித்தன் வீட்டு முன்னறையில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சத்தம் போடாமல் பேசுகிறவர். சுருளியை நடக்கச் சொல்லிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது காலில் முடிந்தது, இடது காலில் முடியவில்லை. நுனிக்காலில் நிற்கச் சொன்னார். இரண்டிலும் நின்றாள். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது.

பிறகு சுருளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பாதத்தின் மேல் தொட்டார்.

"தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"மந்தமா இருக்கு."

"அடிப்பாதத்துல?"

"அய்யோ கூசுது."

டாக்டர் ராமுத்தாயைப் பார்த்தார். "இது வாதம் இல்லம்மா. வாதத்துல சதை போகும், தொட்டா தெரியறது போகாது. இவளுக்கு அதுவும் போயிருக்கு, ஆனா ஒரே பக்கமாப் போயிருக்கு. மத்த சதையெல்லாம் நல்லா இருக்கு. ஒரு நரம்பு மட்டும் எங்கயோ நசுங்கியிருக்கு."

"நசுங்குனா ரத்தம் வராதா அய்யா?"

டாக்டர் குனிந்தார். இடது முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, கோலிக்குண்டுபோல எலும்பு தட்டுப்படும் இடத்துக்கு அடியில் விரல் நுனியால் மெல்லத் தட்டினார்.

சுருளி துள்ளினாள். "கரண்டு அடிக்குது! பாதம் வரைக்கும் அடிக்குது!"

"இங்கனதான்" என்றார் டாக்டர். "இந்த இடத்துல நரம்பு எலும்பு மேலயே ஓடுது. மேல சதை இல்ல, தோலு மட்டுந்தான். அழுத்துனா உடனே படுத்துரும்." பாவாடையை விலக்கிப் பார்த்தார். கன்றிய ஒரு கோடு இருந்தது. "இது என்ன தழும்பு?"

"காத்துக் கருப்பு அண்டக் கூடாதுன்னு கயிறு கட்டுனது" என்றாள் ராமுத்தாய். கேள்வி முடிவதற்குள் சொன்னாள்.

டாக்டர் வலது காலையும் பார்த்தார். அங்கேயும் கோடு இருந்தது. இரண்டு கோடுகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார். முன்பக்கம் கொஞ்சம், வெளிப்பக்கம் முழுவதும், பின்பக்கம் கொஞ்சம். உள்பக்கம் தோல் சுத்தமாக இருந்தது. திரும்பவும் தடவினார்.

"காலுல கயிறு கட்டுனா சுத்தித் தடம் விழணும்மா. இதுல உள்பக்கம் ஒண்ணும் இல்லையே."

டாக்டர் சுருளியின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ வேலை செய்யறப்ப எப்படி உக்காருவ? கீழ உக்காந்து காட்டு."

சுருளி அம்மாவைப் பார்த்தாள். பிறகு குத்தவைத்தாள். குத்தவைத்ததும் அவளாகவே இரண்டு முழங்கால்களையும் ஒட்டிக்கொண்டாள். பாவாடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கட்டுவதற்குக் காத்திருந்தாள். மூன்று மாதப் பழக்கம்.

தங்கபாண்டிதான் முதலில் பேசினான்.

"எதுக்கு ஆத்தா அப்பிடிப் பிடிச்சுக்கிட்டு இருக்க?"

"அம்மா சணல் கட்டும். முடிச்சு இந்த எலும்பு மேல வரும்."

ராமுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "நாந்தான் அய்யா கட்டுனேன். கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரி நாந்தான் கட்டுனேன். பாவாடையில காயி இருந்துச்சு. திருடின்னு எழுதிராதீக சாமி."

"நான் அதெல்லாம் எழுதறது இல்லம்மா" என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்தார். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "முதல்ல பாத்த டாக்டர் உக்கார வைக்கச் சொன்னாரா?"

"ஆமா அய்யா."

"எப்படி உக்காரணும்னு சொன்னாரா?"

"உக்காரச் சொன்னாக. உக்கார்றதுல என்ன இருக்கு?"

அவர் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான். கட்டக் கூடாது. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, கால் கட்டைவிரல் பக்கமிருந்து, கணுக்காலில் சுற்றிய ஒரு பட்டைக்கு இழுத்துக் கட்டினால் பாதம் தொங்காது. பட்டை கணுக்காலில்தான் இருக்க வேண்டும், முழங்கால் பக்கம் போகக் கூடாது. தினம் மூன்று வேளை கையால் பாதத்தை மேலே தள்ள வேண்டும். மூன்று மாதத்தில் தெரியும். திரும்பவில்லை என்றால் மதுரைக்கு எழுதித் தருகிறேன், அறுத்துப் பார்ப்பார்கள் என்றார்.

"ஊசி இல்லையா அய்யா?" என்றாள் ராமுத்தாய்.

"தேவையில்ல."

"ஒரே ஒண்ணு."

"ஊசி போட்டா நரம்பு வளராதும்மா. விட்டுட்டாலே வளரும்."

பஸ்ஸில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமுமாகத் தனித்தனியே உட்கார்ந்து வந்தார்கள். போடியில் இறங்கி நடக்கும்போதுதான் தங்கபாண்டி பேசினான். சுருளி அவன் தோளில் இருந்தாள்.

"திருடுனாத் திருடிட்டுப் போறா. நாலு காயி. அதுக்குக் காலக் கட்டுவியா?"

"நீங்க மலையில இருக்கீக. தெனமும் அவுக மொகத்துல முழிக்கிறது நாந்தான்."

"நான் எடுக்கலப்பா" என்றாள் சுருளி, தோளிலிருந்து.

"சரித்தா, சரி" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், குத்தவைக்காமல் செய்யும் காரியம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அடுப்புக்கு, சாப்பாட்டுக்கு, பாத்திரம் கழுவ, குளிக்க, வெளிக்குப் போக எல்லாவற்றுக்கும் குத்தவைக்க வேண்டும். நாற்காலி கிடையாது. தங்கபாண்டி மலைக்குத் திரும்புவதற்கு முன் ஒரு பலகைப் பெட்டி கொண்டுவந்து உயரத்துக்கு ஏற்றபடி அறுத்துக் கொடுத்தான். இன்னொன்றைக் கொல்லையில் குழிமேல் கவிழ்த்து, ஓட்டை போட்டு, சுற்றிலும் ஓலை கட்டினான்.

கஸ்தூரியம்மாள் வந்து ஓலையை விலக்கிப் பார்த்தாள். "கலெக்டரு வீட்டுல இப்பிடித்தான் இருக்குமாம். நாங்களும் ஒருநாள் வந்து உக்காந்து பாக்கலாமா?"

"வாங்க மதினி. உள்ள விழுந்துராதீக."

பெட்டியில் உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று ராமுத்தாய் ஞானபாக்கியத்திடம் கேட்டுப் பார்த்தாள். ஞானபாக்கியம் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வேணாம்னு சொல்லல ராமுத்தாயி. இவ பெட்டியில உக்காந்தா நாளைக்கு நாப்பது பேரும் பெட்டி கேப்பாக. எடம் எங்க இருக்கு? முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"கால் போச்சுன்னு சொல்லுங்க."

"கட்டுனது யாருன்னு கேப்பாக. நீதான கட்டுன?"



சுருளி வீட்டிலேயே இருந்தாள். பெட்டியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு வாசலைப் பார்த்தாள். மூன்று வேளையும் ராமுத்தாயோ சின்னவள் பேச்சியோ பாதத்தைத் தள்ளிவிட்டார்கள். டியூப் பட்டை கணுக்காலில் உரசிப் புண்ணானது. துணி சுற்றிக் கட்டினார்கள். கார்த்திகை வந்தது. பாதம் அப்படியே இருந்தது. தினமும் விளக்கு வைக்கும்போது ராமுத்தாய் மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "தூக்கு பாப்போம்" என்பாள். சுருளி பல்லைக் கடிப்பாள். நெற்றி நரம்பு புடைக்கும். கைவிரல்கள்கூட விரியும். கால் விரல் அசையாது.

"தூக்குறியா இல்ல சும்மா இருக்கியா?"

"தூக்குறேன்மா."

"பொய் சொல்றியாடி?"

சுருளி அழமாட்டாள். அதுதான் ராமுத்தாய்க்கு எரிச்சலாக இருந்தது. அழுதால் திட்டலாம், இல்லை சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் வேலை செய்த இடத்தில் ஒருத்தி மட்டும் போய்க்கொண்டிருந்தாள். மார்கழியில் ஞானபாக்கியம் சொல்லிவிட்டாள், இடத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது, வேறு பிள்ளை வருகிறது என்று. ராமுத்தாய் பேச்சியை அழைத்துப் போனாள். பேச்சிக்கு எட்டு வயது. சுருளியின் பழைய பாவாடையை, டக்கை இன்னும் கொஞ்சம் அகலமாக்கித் தைத்துப் போட்டுவிட்டாள்.

பேச்சி குத்தவைத்ததும் ஞானபாக்கியம் சணலோடு வந்தாள்.

"கட்டிரு. உன் வீட்டு வழக்கந்தான."

ராமுத்தாய் சணலை வாங்கினாள். பேச்சியின் முழங்காலுக்குக் கீழே கை போனது. வெளிப்பக்கம் அந்த எலும்பு விரலில் தட்டுப்பட்டது. சணலைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"கட்டல அக்கா."

"ஒரு காயி கெடச்சாலும் ரெண்டு பேரும் வெளிய. பெறகு என் மேல வருத்தப்படக் கூடாது."

"சரி அக்கா."

அன்று முழுக்க ராமுத்தாய் தன் சுளகைப் பார்க்கவில்லை. பேச்சியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியின் கை குவியலிலிருந்து சுளகுக்கும் சுளகிலிருந்து கூடைக்கும் போனது. வேறெங்கும் போகவில்லை. அவள் காற்று வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. மலை இருட்டு சீக்கிரம் இறங்கும் மாதம். ஞானபாக்கியம் ஒரே அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் தடவி எல்லோரையும் அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து பேச்சி பாவாடையை அவிழ்த்துக் கொடியில் போட உதறினாள். தரையில் ஏதோ விழுந்தது. இன்னொன்று. உருண்டு போய்ப் பெட்டியில் முட்டி நின்றது. மூன்று பச்சைக் காய்.

பேச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் எடுக்கலம்மா. சத்தியமா நான் எடுக்கலம்மா. அடிக்காத."

ராமுத்தாய் அடிக்கக் கை ஓங்கவில்லை. காலையிலிருந்து பேச்சியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடையை எடுத்து விளக்குப் பக்கம் கொண்டுபோய் உள்பக்கம் திருப்பினாள். டக்கின் இழையோட்டம் அகலம் அகலமாக இருந்தது. அவசரத்தில் அவளே ஓட்டிய தையல். ஒவ்வொரு இழைக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. தரையில் விரிந்து கிடக்கும் பாவாடைக்கு அடியில் உருண்டு வரும் காய் அதற்குள் தானாகவே போகும். ஆடியிலும் இதே பாவாடைதான். தையலும் இதே மாதிரிதான்.

விளக்கைக் கீழே வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் சுருளி பெட்டியிலிருந்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ராமுத்தாய் பல்லால் நூலைக் கடித்து இழுத்தாள். தையல் சரசரவென்று பிரிந்தது. பாவாடை நீளமாக, மடிப்புத் தடத்தோடு விரிந்தது. பேச்சிக்கு அது கால் தடுக்கும். தடுக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு தரையில் கிடந்த மூன்று காயையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். டக்கைக் காட்டினாலும் சிரிப்பார்கள். அதுவா நடந்து வந்துச்சாக்கும். தூக்கி எறிந்தால் காலையில் யாராவது வாசலில் பார்ப்பார்கள்.

அடுப்பில் போட்டாள்.

காய் படபடவென்று வெடித்தது. போட்ட பிறகுதான் வாசம் வரும் என்பது உறைத்தது. வாசம் எழுந்தது. கல்யாண வீட்டுப் பாயசம்போல வீடு முழுக்க எழுந்து, ஓட்டு இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் கஸ்தூரியம்மாளின் பேச்சு பாதியில் நின்றது.

"கதவச் சாத்து" என்றாள் ராமுத்தாய் குரலை அடக்கி. அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம், யாராச்சும் கதவச் சாத்துங்கடி."

பேச்சி சுவரை விட்டு அசையவில்லை. சுருளிதான் எழுந்தாள். டியூப் பட்டையை அவிழ்த்திருந்த நேரம். வாசலுக்கு ஏழு எட்டு அடி இருக்கும். ராமுத்தாய் புகைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். இருமலுக்கு நடுவில் சத்தத்தைக் கேட்டாள். மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம். தப்பு. தப்பு.

நாலாவது அடியில் ராமுத்தாய் நிமிர்ந்தாள்.

இத்தனை நாளும் விரல்பக்கம்தான் முதலில் விழும், இப்போது குதிகால் முதலில் பட்டது. பாதம் அதற்குப் பிறகு விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.

"நில்லு" என்றாள்.

சுருளி கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். "என்னம்மா?"

"திரும்பி நடந்து வா."